கரை ரோட்டில் முதல் குரூப் ரைட்: புதிதாக வருகிறவர்களுக்கு

காவிரி டெல்டாவில்தான் மலையே இல்லையே, வளைவு ஓட்ட எதற்குத் தனியாகப் பழகணும் என்று எங்கள் பைக் குழுவில் புதிதாகச் சேருகிற யாராவது ஒருவர் வருஷா வருஷம் கேட்டுவிடுகிறார். தரை தட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு நேராகப் போவதில்லை. ஆறு நெளிகிற இடத்தில் கரையும் நெளியும், பழைய ரோடுகளில் பல அந்தக் கரைமேலேயே போகின்றன. கரையை விட்டு இறங்கினாலும் நிம்மதி கிடையாது. வாய்க்காலையும் வரப்பையும் ஒட்டிப் போட்ட ரோடு ஒவ்வொரு மதகிலும் முழங்கையை மடக்கினது மாதிரி திரும்பும். மலை ரோட்டில் திருப்பத்துக்கு முன்னால் போர்டு இருக்கும், ஓரத்தில் சுவர் இருக்கும், எதிரே வருகிறவரும் திருப்பத்தை நினைத்துக்கொண்டேதான் வருவார். இங்கே மூங்கில் புதரும் வாழைக்கொல்லையும் மறைத்து நிற்க, அந்தப் பக்கம் நெல் காய்கிறதா, ஆடு படுத்திருக்கிறதா, மினி பஸ் வருகிறதா என்பது திரும்பின பிறகுதான் தெரியும்.

நான் என் முதல் குரூப் ரைடில் நாற்றங்காலுக்குள் இறங்கினவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி மாதம், ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்கள். 9 வண்டியில் நான் ஏழாவது. எனக்கு முன்னால் போனவர் பெரிய வண்டி, அந்த ரோட்டில் பிறந்து வளர்ந்தவர். நானோ 150 சிசியில் அவருடைய டெயில் லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு துரத்திக்கொண்டிருந்தேன். திருக்காட்டுப்பள்ளி தாண்டி ஒரு இடதுபக்கத் திருப்பத்தில் ரோடு முழுக்க வைக்கோல். அவர் எப்படியோ போய்விட்டார், நான் பயத்தில் பிரேக்கைப் பிடித்தேன், வண்டி நேராக வலதுபக்கம் போய் நாற்றில் நின்றது. கிளட்ச் லீவர் உடைந்தது, கட்டைவிரல் வீங்கியது, அவ்வளவுதான். வயல்காரப் பெரியவர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, அடி ஒண்ணும் இல்லியே? சரி, வண்டியத் தூக்கறப்ப நாத்தப் பாத்து மிதிங்க" என்றார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

அன்றைக்கு என் ஓட்டுதலில் என்ன தப்பு என்று வீட்டுக்கு வந்து யோசித்தபோது, வேகம்கூட ரெண்டாவதுதான் என்று தோன்றியது. நான் ரோட்டை ஓட்டவில்லை, முன்னால் போனவரை ஓட்டிக்கொண்டிருந்தேன். குரூப்பில் புதிதாக வருகிற எல்லோரும் செய்வது இது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பாலானது இந்த ஒரு பழக்கத்தை விடுவது எப்படி என்பதுதான்.

நாள் பார்ப்பது

ரைடுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் தினசரி காலண்டரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளாக இருந்தால் வேண்டாம் என்று குரூப்பில் சொல்லுங்கள். காலை 6 மணிக்கே கல்யாண வேன்கள் ஓடும், மண்டப வாசலில் ரோடு பாதி அடைபடும், நேரம் தவறின டிரைவர்கள் விட்ட நேரத்தைப் பிடிக்க விரட்டுவார்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கல்லணைப் பக்கமோ திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைப் பக்கமோ ரைட் போடுகிற குரூப்பில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று அர்த்தம். தை மாதம் தியாகராஜர் ஆராதனை நாட்களில் திருவையாறும் அப்படித்தான்.

எனக்குப் பிடித்தது ஆடிக் கடைசியும் ஆவணியும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்த வருஷமாக இருந்தால் ஆறெல்லாம் ஓடும், காலையில் காற்று சில்லென்று வரும், ரோட்டில் அறுப்பு வேலை அதிகம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம், புதியவருக்கு வேண்டாம். மார்கழி, தையில் விடிகாலைப் பனி ஆற்றங்கரையில்தான் கெட்டியாக இறங்கும், ஹெல்மெட் கண்ணாடி உள்ளேயும் வெளியேயும் நீர் கட்டும், அதனால் 7 மணிக்கு மேல் கிளம்பணும். தைக் கடைசியிலிருந்து மாசிவரை சம்பா அறுப்பு. பங்குனி, சித்திரையில் உளுந்தும் எள்ளும். அப்போதும் போகலாம், ரோட்டில் என்ன கிடக்கும் என்று தெரிந்துகொண்டு போகணும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

வண்டியும் உடம்பும்

எந்த வண்டியிலும் வரலாம். ஸ்ப்ளெண்டரில் வருகிற ஒரு அண்ணன் எங்கள் குரூப்பில் இருக்கிறார், கரை ரோட்டில் அவரைப் பிடிக்க ஹிமாலயன் மாதிரி பெரிய வண்டிக்காரர்கள் திணறியதைப் பார்த்திருக்கிறேன். வண்டியின் அளவைவிட டயர் முக்கியம். ரைடுக்கு 2 நாள் முன்னால் காற்று பாருங்கள், வண்டி ஓடாமல் டயர் ஆறி இருக்கும்போது பாருங்கள், வண்டியிலேயே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவை வையுங்கள். ரைடுக்காகவே புது டயர் மாட்டினீர்கள் என்றால் முதல் 100, 150 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிவிட்டு வாருங்கள். புது ரப்பரின் மேல்பூச்சு தேய்கிறவரை வழுக்கும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், தளர்ச்சியைப் பாருங்கள். பிரேக் கட்டை, ரெண்டு பிரேக்குக்கும் எரிகிற பிரேக் லைட், ஹாரன் எல்லாம் பாருங்கள். மற்ற ஊரில் எப்படியோ, இங்கே ஹாரன் வேலை செய்யாத வண்டியை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம்.

ஸ்போக் வீல் வண்டிகளில் பெரும்பாலும் டியூப் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராமத்தில் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று நம்பி வராதீர்கள், ஒரு டியூபும் டயர் லீவரும் யாராவது ஒருவரிடம் இருக்கணும். பெட்ரோல் முந்தின நாள் ராத்திரியே முழு டேங்க். காலையில் சேருகிற இடத்துக்கு வந்தபிறகு "அண்ணே, ஒரு நிமிஷம், பங்க்குக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்கிற ஒருவருக்காக 10 பேர் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் டெல்டா குரூப்புகளில் வழக்கமான முதல் சண்டை.

உடம்புக்கு: ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, முகத்தை முழுக்க மூடுகிற ஹெல்மெட், தாடைப் பட்டையை இறுக்கி மாட்டியது. பின்னால் உட்காருகிறவருக்கும் அதே. கண்ணாடி கறுப்பாக இருக்கக்கூடாது, மர நிழலும் வெயிலும் மாறி மாறி வருகிற ரோட்டில் கறுப்புக் கண்ணாடிக்குள் பள்ளம் தெரியாது. சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்துக்கு வயலிலிருந்து கிளம்புகிற பூச்சிகளைப் பற்றித் தெரிந்தவர் யாரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டமாட்டார். ஜாக்கெட் வலைத்துணியில் வருவதை வாங்குங்கள், தோல் ஜாக்கெட் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. கையுறை வேண்டும். கணுக்கால் மூடுகிற ஷூ வேண்டும். செருப்போடு வந்தால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். ஆனால் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் உங்கள் பெயர், ரத்த வகை, வீட்டில் ஒருவருடைய நம்பர் எழுதி ஜாக்கெட் பாக்கெட்டில் வையுங்கள். போன் லாக்கில் இருக்கும், பேச முடியாமல் கிடப்பவரிடம் பாஸ்வேர்டு கேட்க முடியாது.

கிளம்புவதற்கு முன்னால் பேசுகிற 10 நிமிஷம்

எல்லோரும் டீ குடிக்கிற நேரத்தில் லீட் ஓட்டுகிறவர், அதாவது எல்லோருக்கும் முன்னால் போகிறவர், வழியைச் சொல்வார். காதைக் கொடுத்துக் கேளுங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வது. "நான் குரூப்ல ஓட்டினதில்ல, வளைவுல பயம் இருக்கு" என்று சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தால் அந்தக் குரூப்போடு போகாதீர்கள், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சொன்னவருக்கு லீடுக்கு நேர் பின்னால் இடம் கொடுப்போம். புதியவரைக் கடைசியில் விடுவது மரியாதை மாதிரி தெரியும், உண்மையில் அது தண்டனை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 வண்டி, 50 கிலோமீட்டர் வேகம், வண்டிக்கு வண்டி 2 செகண்ட் இடைவெளி என்றால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவில் கால் கிலோமீட்டர். முதல் வண்டி ஒரு வேகத்தடைக்கு மெதுவாகி ஏறி இறங்கித் திரும்ப 50ஐப் பிடிக்கும்போது பின்னால் இருப்பவர்கள் இன்னும் தடைக்கே வந்திருக்கமாட்டார்கள். விட்ட இடைவெளியைப் பிடிக்க அவர்கள் 60, 70 என்று போகணும். ரப்பர் பேண்ட் இழுத்துவிட்டது மாதிரி முன்னால் ஒரு சின்ன அசைவு, பின்னால் பெரிய ஆட்டம். அதனால் கடைசியில் ஸ்வீப் என்று எங்களில் நன்றாக ஓட்டுகிறவர் ஒருவர் வருவார், டூல்ஸும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம்தான் இருக்கும். 7 வண்டிக்கு மேல் போனால் ரெண்டு குழுவாகப் பிரித்து 5 நிமிஷம் விட்டுக் கிளப்புவோம்.

சைகைகள் கொஞ்சம்தான். இடது கை மேலே தூக்கினால் நிற்கப் போகிறோம். கையைக் கீழே தட்டினால் மெதுவாக. காலை நீட்டிக் காட்டினால் அந்தப் பக்கம் பள்ளமோ கல்லோ. ஒரு விரல் தூக்கினால் ஒற்றை வரிசை. முன்னால் இருப்பவர் காட்டுவதை நீங்களும் அப்படியே காட்டணும், பின்னால் போய்ச் சேரணும். திருப்பத்துக்குள் இருக்கும்போது கையை எடுக்காதீர்கள், ரெண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும், சைகை கிடக்கட்டும்.

ஐந்து பாலம், அப்புறம் கரை

புதியவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கிற வழி தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, அங்கே காபி, திரும்பக் கண்டியூருக்கு வந்து நடுக்காவேரி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி, கோவிலடி, கல்லணை. வரும்போது பூதலூர் வழி. சுமாராக 100 கிலோமீட்டர் வரும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், ஒரு நாளைக்கு முதல் பாடம் இது போதும். பழகினவர்கள் கும்பகோணம், அணைக்கரை என்று கிழக்கே நீட்டிப் பூம்புகார் வரைக்கும் போவார்கள்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்டணும். ஊர்ப் பெயருக்குக் காரணமே இதுதான். இந்தத் துண்டில் வண்டி நிறைய, ரோடு பரவாயில்லை, அதனால் இங்கே ஒன்றுவிட்டு ஒன்று ஓட்டுவோம்: லீட் நம் பாதியின் வலதுபக்கம், அடுத்தவர் ஒரு செகண்ட் பின்னால் இடதுபக்கம், மூன்றாமவர் லீடுக்கு நேர் பின்னால் 2 செகண்ட் தள்ளி. 2 செகண்டை எப்படி எண்ணுவது? முன்வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று சொல்லுங்கள், சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்த மரத்துக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள். பாலத்தில் யாரும் யாரையும் தாண்டக்கூடாது, போட்டோவுக்கு நிற்கவும் கூடாது.

கண்டியூர் தாண்டி ரோடு குறுகினவுடன் ஒற்றை வரிசை, இடைவெளி 3 செகண்ட். ஒற்றைத் தடம் என்றால் தார் 12 அடிதான். எதிரே டவுன் பஸ் வந்தால் அது இறங்காது, நாம்தான் இறங்கணும். தார் ஓரம் உடைந்து மண்ணுக்கும் தாருக்கும் அரை அடி வித்தியாசம் இருக்கிற இடங்கள் உண்டு. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு இறங்கி நில்லுங்கள், பஸ் போகட்டும். ஏறும்போது தாரின் ஓரத்தை ஒட்டி உரசிக்கொண்டே ஏறப் பார்த்தால் முன்சக்கரம் வழுக்கி விழுவீர்கள். கொஞ்சம் குறுக்காகத் திருப்பி ஒரே மூச்சில் ஏறணும்.

திருப்பம்

எல்லா வேலையும் திருப்பத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடணும். வண்டி நிமிர்ந்து நேராகப் போகும்போதே பிரேக், நேராகப் போகும்போதே கியர் குறைப்பு, ஒரு ஹாரன், அப்புறம் லேசாக ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடியே உள்ளே போவது. உள்ளே போனபிறகு "ஐயோ வேகம்" என்று தோன்றினால் நீங்கள் ஏற்கெனவே தப்புப் பண்ணியாகிவிட்டது, அப்போது முன்பிரேக்கை அள்ளிப் பிடித்தால் என் நாற்றங்கால் கதைதான். பார்வையைத் தூக்கி வெளியேறுகிற இடத்தைப் பாருங்கள், சாய்ந்துகொண்டே போங்கள், பெரும்பாலும் வண்டி உங்களைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் திரும்பிவிடும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். வாய்க்காலைப் பார்த்து மிரண்டவர் வாய்க்காலுக்குத்தான் போவார்.

வண்டி திரும்ப மாட்டேன் என்கிறது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடதுபக்கம் போக இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுங்கள், வண்டி இடதுபக்கம் சாயும். கேட்க எதிர்மாறாக இருக்கும், காலி மைதானத்தில் 40 வேகத்தில் செய்து பாருங்கள், இத்தனை நாளும் தெரியாமலேயே இப்படித்தான் ஓட்டியிருக்கிறோம் என்று புரியும்.

எவ்வளவு வேகத்தில் உள்ளே போகலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கிலோமீட்டரில் இல்லை. ரோட்டின் ரெண்டு ஓரமும் ஒன்றுசேர்ந்து மறைகிற புள்ளி ஒன்று தெரியும் பாருங்கள், அந்தப் புள்ளிக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். புள்ளி உங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தால் திருப்பம் இறுகுகிறது, இன்னும் குறையுங்கள். புள்ளி விலகி ஓட ஆரம்பித்தால் திருப்பம் விரிகிறது, மெல்லக் கூட்டலாம். மின்கம்பத்தை நம்பாதீர்கள். மலைப்பக்கத்துக்காரர்கள் கம்ப வரிசையைப் பார்த்து ரோடு எங்கே போகிறது என்று சொல்வார்களாம், இங்கே கம்பி பம்ப்செட்டைத் தேடி வயலுக்குள் நேராகப் போய்விடும், ரோடு மதகில் திரும்பிவிடும்.

வலதுபக்கத் திருப்பத்தில் ஒரு விஷயத்தைப் பழையவர்களே மறக்கிறார்கள். டயர் நம் பாதியில் இருந்தாலும் சாய்ந்திருக்கிற தலை எதிர்ப்பாதியில் இருக்கும். எதிரே கரும்பு லாரி வந்தால் டயரை அடிக்காது, தலையை அடிக்கும். அதனால் வலதுபக்கத் திருப்பத்தில் நடுக்கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி இருங்கள். இடதுபக்கத் திருப்பத்தில் வேகம் மிஞ்சினால் அகன்று எதிர்ப்பாதிக்கே போய்விடுவோம், அங்கே மினி பஸ்.

ரோட்டில் கிடப்பவை

ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வீடியோக்களில் இது வராது, டெல்டாவில் பாதி விபத்து இங்கேதான் காத்திருக்கிறது என்பது என் எண்ணம். இங்கே ரோடு என்பது ரோடு மட்டும் கிடையாது, அதுதான் களம்.

நெல் காயப்போட்டிருந்தால் அது பாதி ரோட்டை அடைத்திருக்கும். அதன்மேல் ஏறினால் உருண்டை உருண்டையான மணிமேல் டயர் பிடி இல்லாமல் போகும், நெல்லும் நொறுங்கும், காயப்போட்ட பாட்டியின் வாயிலும் விழுவோம். நெல்லைவிட ஆபத்து அதன் ஓரத்தில் வரிசையாக வைக்கிற கல். வண்டி ஏறக்கூடாது என்று வைப்பார்கள், நியாயம்தான். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், சில கற்கள் அங்கேயே கிடக்கும். இருட்டின பிறகு கரை ரோட்டில் ஓட்ட வேண்டாம் என்று நாங்கள் வைத்திருக்கிற விதிக்கு முக்கியக் காரணம் இந்தக் கல்தான்.

வைக்கோலில் பிரேக் பிடிக்காதீர்கள், சாயாதீர்கள், ஆக்சிலரேட்டரைத் திருகாதீர்கள். வண்டியை நிமிர்த்தி, வேகத்தை முன்னாலேயே இறக்கி, வழியில் கிடக்கிற கட்டை மாதிரி நினைத்துக்கொண்டு நேராகத் தாண்டுங்கள். அடுத்து நிற்கும்போது குனிந்து செயினையும் சைலன்சரையும் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டில் சுற்றியிருக்கும், சூட்டில் புகைந்துகொண்டும் இருக்கும். பங்குனியில் உளுந்துச் செடியையும் எள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பி வைப்பார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறி மணி உதிரட்டும் என்று. காருக்கு அது சும்மா, ரெண்டு சக்கரத்துக்கு வைக்கோலைவிட மோசம். பரப்பினவர்களே ஓரத்தில் வழிவிட்டிருப்பார்கள், அந்த வழியில் மெதுவாகப் போங்கள்.

சேறு வேறு. உழவு டிராக்டரும் அறுப்பு மிஷினும் வயலிலிருந்து ஏறுகிற இடத்தில் களிமண் கட்டிகட்டியாகத் தாரில் ஒட்டியிருக்கும். காய்ந்திருந்தால் குலுக்கும், அவ்வளவுதான். தூறல் விழுந்தால் சோப்பு. வயலில் மிஷின் நிற்பதைப் பார்த்தால் அடுத்த 100 மீட்டருக்குள் சேறு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்புக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்துப் பக்கம் லாரிகள் ரோட்டோரம் வரிசையில் நிற்கும், லாரிக்கு நடுவிலிருந்து ஆள் வருவார்.

அப்புறம் உயிருள்ளவை. ஆடு தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில் குறுக்கே ஓடும். மாடு திரும்பாது, அதன் பின்பக்கமாகப் போங்கள். நாய் துரத்தினால் காலை நீட்டி உதைக்காதீர்கள், முதலில் வேகத்தைக் குறையுங்கள், உங்களை மறிக்க அது போட்ட கணக்கு தப்பிவிடும், அப்புறம் வேகத்தைக் கூட்டிப் போய்விடுங்கள். மயில் தரையில் நின்றாலும் திடீரென்று நெஞ்சு உயரத்துக்குப் பறக்கும். வாத்துக்கூட்டம் வந்தால் நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள், ஒரு வாத்து தாண்டினால் 500 வாத்தும் தாண்டும், நடுவில் வழி கிடைக்காது, மேய்ப்பவரும் அவசரப்படமாட்டார்.

சாவு ஊர்வலம் வந்தால் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நில்லுங்கள். ஊர்வலம் போனபிறகு ரோட்டில் கொட்டிக்கிடக்கிற பூ வழுக்கும், சுடுகாட்டுத் திருப்பம்வரை நிமிர்ந்தே ஓட்டுங்கள்.

பிரிகிற இடம்

கரை ரோட்டில் ஒவ்வொரு மதகடியிலும் ஒரு பாதை பிரியும், போனில் இருக்கிற வரைபடம் மாட்டு வண்டித் தடத்தையும் ரோடு என்றுதான் காட்டும். வழி தவறிவிடுவோமோ என்கிற பயத்தில்தான் புதியவர்கள் முன்வண்டியை விடாமல் துரத்துகிறார்கள். அந்தப் பயத்துக்கு மருந்தாக எங்களிடம் ஒரே விதி இருக்கிறது: நேராகப் போவதானால் யாரும் நிற்கவேண்டாம், திரும்புவதானால் திரும்புகிற இடத்தில் நின்று, பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பது உறுதியானபிறகுதான் நகரணும். அவர் தன் பின்னால் வருகிறவருக்கு அதையே செய்வார். இப்படியே ஸ்வீப் வரைக்கும்.

இதன் அழகு என்னவென்றால் உங்களுக்கு முன்னால் இருப்பவர் கண்ணிலிருந்து மறைந்தே போனாலும் பரவாயில்லை. அடுத்த பிரிவில் அவர் நிற்பார். நிற்கவில்லை என்றால் நேராகப் போ என்று அர்த்தம். நீங்கள் பார்த்துக்கொள்ளவேண்டியது கண்ணாடியில் தெரிகிற ஒரே ஒருவரை. அவர் ரொம்ப நேரமாகத் தெரியவில்லை என்றால் மெதுவாகுங்கள், இன்னும் தெரியவில்லை என்றால் திருப்பத்தில் இல்லாத, ரெண்டு பக்கமும் பார்வை கிடைக்கிற இடமாகப் பார்த்து ரோட்டைவிட்டு இறங்கி நில்லுங்கள். லீடும் தன் கண்ணாடியைப் பார்த்துத் தானே நின்றுவிடுவார். யாரும் யூ டர்ன் அடித்துத் தேடிப் போகவேண்டாம், அது ஸ்வீப்பின் வேலை.

இந்த விதியைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கே புதியவர்களின் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். 40 வேகம்தான் உங்களுக்குச் சரி என்றால் 40இலேயே வாருங்கள், உங்களை விட்டுவிட்டு யாராலும் போகமுடியாது. குரூப்புக்குள் ஒருவரை ஒருவர் தாண்டுவது கிடையாது. முன்னால் இருப்பவர் ரொம்ப மெதுவாகப் போகிறார் என்று கை அரித்தால் அடுத்த டீக்கடையில் லீடிடம் சொல்லி இடம் மாற்றிக்கொள்ளலாம்.

நிற்கிற இடங்கள்

45 நிமிஷத்துக்கு ஒருமுறை நிற்போம். திருவையாற்றில் அசோகா வாங்காமல் யாரும் கிளம்பமாட்டார்கள், பாசிப்பருப்பில் நெய் ஒழுகச் செய்கிற அல்வா, ஒரு கரண்டி போதும். கால் கிலோ சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினால் கோவிலடிக்குள் கண் சொருகும். தண்ணீர் குடிப்பதை மட்டும் யாருக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். வண்டிகளை ரோட்டைவிட்டு முழுக்க இறக்கி நிறுத்துங்கள். மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களின் இடத்தைப் பிடிக்காதீர்கள், முந்தி வந்தவர்கள் அவர்கள். ஊருக்குள் விடிகாலையில் சைலன்சரை உறுமவிட்டால் அடுத்த முறை வழி கேட்கும்போது சொல்ல ஆள் இருக்காது.

கல்லணையில் ஒரு மணிநேரம். கரிகாலன் கட்டியதாக வழங்கிவருகிற பழைய அணை, அங்கேதான் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நாலாகப் பிரிகிறது. இத்தனை நேரம் நீங்கள் ஒடித்து ஒடித்து வந்த திருப்பமெல்லாம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அங்கே நின்று பார்த்தால் தெரியும். குளிக்க இறங்கவேண்டாம். மதகுக்குக் கீழே சுழல் இருக்கும், மேலே அமைதியாகத் தெரியும். திரும்பி வரும்போது அங்கங்கே கூடவே வருகிற கல்லணைக் கால்வாய் 1934இல் மேட்டூர் அணையோடு வந்தது, ஊர்க்காரர்கள் இன்னும் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். அதன் சரிவுக்குச் சிமெண்ட் போட்ட இடங்களில் விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது, முகம் கழுவக்கூட இறங்காதீர்கள்.

யாராவது விழுந்தால்

முதலில் பின்னால் வருகிற வண்டியை நிறுத்த ஒருவர் திருப்பத்துக்கு ஓடணும், ரெண்டாவது ஆள்தான் விழுந்தவரிடம் போகணும். மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 108க்குச் சொல்லும்போது ஊர்ப் பெயரோடு மதகு, கோயில், பள்ளிக்கூடம் என்று ஏதாவது அடையாளம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கின 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது, கையில் காசு இல்லையே என்று தயங்கி நேரத்தை ஓட்டாதீர்கள். சின்ன விழுதல் என்றாலும் விழுந்தவரை உடனே ஏற்றி ஓட்டவிடாதீர்கள். கை நடுக்கம் நிற்க அரை மணிநேரம் ஆகும், நான் என் விஷயத்தில் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு

பூதலூர் தாண்டினதும் எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிடும், வேகம் தானாக ஏறும், கடைசி 20 கிலோமீட்டரில் லீட் வேண்டுமென்றே மெதுவாகப் போவார், கோபப்படாதீர்கள். தஞ்சாவூர் வந்ததும் கையைக் காட்டிவிட்டு அவரவர் பிரியலாம். வண்டியைத் துடைக்கும்போது செயினில் ஒட்டின களிமண்ணையும் ஸ்ப்ராக்கெட்டில் இருக்கிற வைக்கோலையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், காய்ந்தால் ஆணி வைத்துத்தான் நோண்டணும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ஹெல்மெட்டைக் கழற்றினவுடன், குரூப்பில் "வீடு வந்தாச்சு" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். எல்லோருடைய மெசேஜும் வருகிறவரை ஸ்வீப் ஓட்டினவர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், போன மாதம் ஒருவர் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து 5 மணிக்குப் போட்டார், அதற்குள் ஸ்வீப் பாதி வழி திரும்பிப் போயிருந்தார்.